புதுசா ஆப் வேண்டாம், ஓடுறதை ஓட வைக்க ஆள் வேணும்



போன எபிசோடின் கடைசியில் ஒரு நேயர் கேள்வியைப் படிச்சோம், ஞாபகம் இருக்கும். "பன்னிரண்டு வருஷமா கோட் எழுதுறேன். சம்பளத்துக்குக் குறை இல்லை. ஆனா நான் எழுதினதால யாருக்காவது நல்லது நடந்துச்சான்னு கேட்டா பதில் இல்லை. நாலு பேருக்கு உதவுற வேலையை ஒரு ஐடி ஆள் எங்கே தேடுறது?" நேரம் முடிஞ்சுபோச்சுன்னு அரைகுறையா ஏதோ சொல்லிட்டுப் போயிட்டோம். அதுக்கான முழுப் பதில்தான் இந்த மடல்.

இது என் கேள்வியும்தான். நான் லண்டனில் கான்ட்ராக்டர். ஆறு மாசம் ஒரு வங்கி, அடுத்த ஆறு மாசம் ஒரு காப்பீட்டு நிறுவனம்னு ஓடுது. ஒரு கான்ட்ராக்ட் முழுக்க, ஒரு பட்டனை எங்கே வைத்தால் அதிகம் பேர் அழுத்துவார்கள் என்று பார்ப்பதிலேயே போனது. அந்த மாதிரி ஒரு காலத்தில்தான் உதவப் போகிறேன் என்று கிளம்பி, ஒரு காரியத்தைக் கெடுத்துவிட்டு வந்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் கெடுத்த சனிக்கிழமை

2020 ஊரடங்கு சமயம். எங்கள் பகுதியில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு வாரம் ஒருமுறை சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு சின்னக் குழு இருந்தது. நடத்தியவர் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். அவரிடம் இருந்தது ஒரு கொப்பி, ஒரு எக்ஸெல் ஷீட், ஒரு வாட்ஸ்அப் குரூப். அதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. "அக்கா, இதை நான் பார்த்துக்குறேன்" என்று சொல்லிவிட்டு, ஏழு வார இறுதி உட்கார்ந்து ஒரு வெப் ஆப் கட்டினேன். லாகின், டேட்டாபேஸ், எந்த வீட்டுக்கு முதலில் போகணும் என்று காட்டும் மேப், எல்லாம் இருந்தது.

அக்கா பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, வடிவாத்தான் செய்திருக்கிறியள். ஆனா இதை ஆர் பாவிக்கிறது? எங்கட ட்ரைவர்மார் எல்லாம் வயசுபோன ஆக்கள். பேப்பர்ல தந்தால்தான் அவைக்குச் சரி."

பழகினால் சரியாகிவிடும் என்று நான் சமாதானம் சொன்னேன். என் மனசு நோகக் கூடாது என்று அவரும் பயன்படுத்தினார். மூன்றாவது மாசம் எனக்குப் புது கான்ட்ராக்ட் வந்தது. நான் அந்தப் பக்கமே போகவில்லை. நான் வைத்திருந்தது ஒரு இலவச டேட்டாபேஸ். அதன் காலக்கெடு ஒரு வெள்ளிக்கிழமை முடிந்து, ஆப் நின்றுபோனது. எச்சரிக்கை மெயில் வந்திருந்தது, நான் திறந்து பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை பட்டியல் திறக்கவில்லை. அக்கா கொப்பியை விடாமல் எழுதிவந்ததால் பெரும்பாலான வீடுகளுக்குச் சாப்பாடு போய்விட்டது. அந்த வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு ஐயாவின் பெயர் மட்டும் ஆப்பில்தான் இருந்தது. அவர் சர்க்கரை வியாதிக்காரர். மதியம் தாண்டியும் சாப்பாடு வராமல் மயக்கமாக உட்கார்ந்திருந்தவரைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து ஏதோ கொடுத்தார். விபரீதமாக ஒன்றும் நடக்கவில்லை. அக்கா என்னைத் திட்டவும் இல்லை. "பரவாயில்லை தம்பி, கொப்பி கிடக்குதானே" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த வாரம் நேரில் போய், ஆரம்பத்திலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "அக்கா, இதுல உங்களுக்கு எது கஷ்டம்?" வெள்ளிக்கிழமை ராத்திரி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, முகவரிகளைப் போஸ்ட்கோடு வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு ட்ரைவருக்கும் கையால் எழுதுவதுதான் கஷ்டம் என்றார். இன்னொன்று, எக்ஸெலில் ஃபோன் நம்பரின் முதல் பூஜ்யம் காணாமல் போய்விடுகிறதாம். அந்தக் கட்டத்தை எக்ஸெல் எண்ணாக எடுத்துக்கொள்வதால் முன்னால் வரும் பூஜ்யத்தை விட்டுவிடும். அந்தக் காலத்தை டெக்ஸ்ட் என்று மாற்றினால் போதும். அவருடைய ஷீட்டிலேயே வரிசைப்படுத்தும் வசதியும், ட்ரைவருக்கு ஒரு பக்கம் என்று அச்சாகும் அமைப்பும் செய்து கொடுத்தேன். மொத்தம் நாற்பது நிமிஷம். இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது.

பட்டியல்தான் பெரிய வேலை

இது என் அவசரக்குடுக்கைத்தனம் மட்டும் இல்லை. நம்ம தொழிலில் எல்லாருக்கும் இருக்கும் ஒரு பழக்கம். உதவி என்றவுடன் புதிதாக ஏதாவது கட்டணும் என்று நினைக்கிறோம். மக்களுக்கு உண்மையில் உதவிய மென்பொருள்களைப் பார்த்தால், அவை செய்யும் வேலை வெளியிலிருந்து பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும்.

நம்ம பக்கத்திலிருந்தே ஒரு உதாரணம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த சில வாரங்களில் அங்கிருந்த மென்பொருள் பொறியாளர்கள் தன்னார்வலர்களாகச் சேர்ந்து 'சஹானா' என்ற மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். காணாமல் போனவர்கள் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த அமைப்பு எங்கே என்ன செய்கிறது, யாருக்கு என்ன தேவை என்று நாலைந்து பட்டியல்கள்தான் அதன் உள்ளே. ஆனால் பேரழிவுக்குப் பிறகு உதவி வீணாவது இந்தப் பட்டியல்கள் இல்லாததால்தான். ஒரே ஊருக்கு மூன்று லாரி அரிசி போகும், பக்கத்து ஊருக்குத் தண்ணீர்கூடப் போகாது. ஒருவர் பெயரை ஒரு முகாமில் ஒரு மாதிரியும் இன்னொரு முகாமில் வேறு மாதிரியும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், தேடி வரும் பிள்ளைக்கு அப்பா கிடைக்க மாட்டார்.

சஹானா ஒரு சுனாமியோடு நிற்கவில்லை. சுதந்திர மென்பொருளாக வெளியிட்டதால் 2005 காஷ்மீர் நிலநடுக்கத்திலும், 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் பயன்பட்டது. முதலில் பி.எச்.பி.யில் இருந்ததைப் பின்னால் வந்தவர்கள் பைத்தானில் புதிதாக எழுதினார்கள். முதலில் எழுதியவர்களுக்குப் பெரிய வணக்கம். அதற்குப் பிறகு யாராவது வந்து கையில் எடுத்துக்கொள்ளும்படி அது இருந்ததே, அதைத்தான் நாம் கற்றுக்கொள்ளணும். என் ஆப்பில் அதுதான் இல்லை.

போய்ச் சேர மூன்று இடங்கள்

1. நீங்கள் இப்போது பார்க்கும் வேலை. வேலையை விடத் தேவையில்லாத வழி இது. பார்வையற்றவர்கள் கம்ப்யூட்டரைத் திரைவாசிப்பான் வழியாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரு காலத்தில் அந்த மென்பொருளின் விலை கம்ப்யூட்டரின் விலைக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தது. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 'என்.வி.டி.ஏ.' என்ற இலவசத் திரைவாசிப்பானை எழுத ஆரம்பித்தார். பார்வையற்றவரான ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்துகொண்டார். இன்று உலகம் முழுக்க அது ஓடுகிறது, தமிழையும் படிக்கும்.

அதை உங்கள் மெஷினில் போடுங்கள். மானிட்டரை அணைத்துவிட்டு, டேப் விசையை மட்டும் வைத்து, உங்கள் கம்பெனி தளத்தில் ஒரு படிவத்தை நிரப்பிப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றாவது கட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். கட்டத்துக்குப் பக்கத்தில் 'பிறந்த தேதி' என்று கண்ணுக்குத் தெரிந்தாலும், கோடில் அந்த லேபிளை அந்தக் கட்டத்தோடு இணைக்காவிட்டால், திரைவாசிப்பான் "எடிட்" என்று மட்டும் சொல்லும். என்ன எடிட்? கேட்பவருக்குத் தெரியாது. சரிசெய்ய ஒரு வரி போதும். 'வெப்எய்ம்' அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் 90 சதவீதத்துக்கு மேல் பக்கங்களில் இந்த மாதிரிப் பிழைகள் இருக்கின்றன. மேனேஜர் நேரம் ஒதுக்க மறுத்தால் இன்னொரு வாதமும் உண்டு. ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய மக்களுக்கு இணையவழி விற்பனை, வங்கிச் சேவை தரும் கம்பெனிகளுக்கு இது சட்ட விஷயம்.

2. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பொதுநல மென்பொருள். 'ஓபன்எம்.ஆர்.எஸ்.' ஒரு மருத்துவப் பதிவு மென்பொருள். 2004இல் தொடங்கி, கென்யாவின் எல்டோரெட்டில் எச்.ஐ.வி. சிகிச்சைத் திட்டத்துக்காக வளர்ந்தது. அதன் சூட்சுமம் எளிமையானது. நோய், பரிசோதனை, மருந்து எல்லாமே டேபிளின் காலங்களாக இல்லாமல், ஒரு அகராதியின் பதிவுகளாக இருக்கும். அதனால் காசநோய்க்கு ஒரு புதுப் பரிசோதனையைச் சேர்க்க வேண்டுமென்றால் டேபிளை மாற்ற வேண்டாம், அகராதியில் சேர்த்தால் போதும். சத்தீஸ்கரின் கனியாரி கிராமத்து மருத்துவமனைக்காக உருவான 'பஹ்ம்னி' இதன் மேல்தான் கட்டப்பட்டது. ஜாவா தெரிந்தவர்களுக்கு இங்கே வேலை கொட்டிக் கிடக்கிறது. முதல் நாளே புது வசதி எழுதணும்னு நினைக்காதீர்கள். பழைய பிழை அறிக்கையை எடுத்து, அது இன்னும் வருகிறதா என்று பார்த்து எழுதுங்கள். நிறுவும் வழிமுறையைப் படித்து, எங்கே தடுக்கியது என்று திருத்துங்கள். சம்பளம் வாங்கும் இடத்தில் யாரும் விரும்பாத இந்த வேலைதான் இங்கே அதிகம் தேவை.

3. கோட் எழுதவே வேண்டாத இடம். 2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு விவரமான மேப் கிடையாது. 'ஓபன்ஸ்ட்ரீட்மேப்' தன்னார்வலர்கள் தங்கள் வீடுகளில் உட்கார்ந்தபடி செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத் தெருக்களை வரைந்தார்கள். சில நாட்களிலேயே மீட்புக் குழுக்கள் அதைப் பயன்படுத்தின. 2014இல் செஞ்சிலுவைச் சங்கமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து, பேரழிவு வரும் முன்பே வரைந்து வைக்க 'மிஸ்ஸிங் மேப்ஸ்' திட்டத்தைத் தொடங்கின. ஒரு பகுதியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துத் தருவார்கள். ஒருவர் வீடுகளை வரைவார், அனுபவம் உள்ள இன்னொருவர் சரிபார்ப்பார். ஒரு மணி நேரம் இருந்தால் ஒரு கட்டம் முடிக்கலாம். பாதியில் விட்டாலும் யாருக்கும் பாதிப்பு இல்லை, அடுத்தவர் எடுத்துக்கொள்வார். கான்ட்ராக்டர் வாழ்க்கைக்கு இது ரொம்பப் பொருத்தம்.

நேரமே இல்லையா? பணம் கொடுப்பதும் உதவிதான். என்.வி.டி.ஏ. மாதிரித் திட்டங்கள் நன்கொடையையும் நம்பித்தான் நடக்கின்றன.

கை வைக்கும் முன் நான் கேட்கும் கேள்விகள்

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, எந்தத் தொண்டு வேலையை எடுத்தாலும் இவற்றைக் கேட்டுவிடுகிறேன்.

இதை யாராவது கேட்டார்களா, இல்லை நானாகவே கற்பனை பண்ணிக்கொண்டேனா? கேட்டவர் வேலை செய்யும்போது ஒருமுறையாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேனா?

இது நின்றுபோனால் யார் பாதிக்கப்படுவார்? அவரிடம் ஒரு கொப்பி இருக்கிறதா? இல்லாவிட்டால் முதலில் அதை ஏற்பாடு பண்ணணும்.

நான் போன பிறகு யார் பார்த்துக்கொள்வார்? சம்பள வேலையில் கான்ட்ராக்ட் முடியும்போது ஒப்படைப்பு ஆவணம் எழுதாமல் யாராவது விடுவார்களா? பாஸ்வேர்ட் எங்கே, பில் யார் பெயரில், காலக்கெடு என்றைக்கு என்று எல்லாம் எழுதுவோம். இலவசமாகச் செய்யும் வேலைக்கும் அதே மரியாதை வேணும்.

யாருடைய தகவலை வைத்திருக்கிறேன்? அந்த ஐயாவின் நோய் விவரம் என் இலவச சர்வரில் கிடந்தது. பிரிட்டனின் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவலுக்குக் கூடுதல் பாதுகாப்பு உண்டு. வங்கியில் இதற்கு மூன்று பேரிடம் அனுமதி கேட்டிருப்பேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடைசியாக, என் ஒப்பந்தம் அனுமதிக்கிறதா? சொந்த நேரத்தில் எழுதும் கோடும் கம்பெனிக்கே சொந்தம் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். விசாவில் இருப்பவர்கள் அதன் நிபந்தனையையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

முழுநேரமாகவே இந்தப் பக்கம் வரணும் என்றால் அரசு டிஜிட்டல் குழுக்கள், மருத்துவத் துறை, தொண்டு நிறுவனங்கள் எல்லாம் ஆள் எடுக்கின்றன. நானும் ஒரு பொதுத்துறை கான்ட்ராக்ட் செய்தேன். நாள் கூலி வங்கியைவிடக் குறைவு, மாசக் கடைசியில் வித்தியாசம் தெரிந்தது. வீட்டில் கணக்குப் போட்டுப் பேசிவிட்டுத்தான் போனேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். கடன் இருக்கும்போது தியாகி ஆக வேண்டாம். வங்கியில் இருந்துகொண்டே அந்த லேபிளைச் சரிசெய்தாலும், பார்வையற்ற ஒருவர் அடுத்தவர் உதவி இல்லாமல் தன் பணத்தைத் தானே அனுப்புவார்.

இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. தொண்டு செய்யும் யாரையாவது தெரிந்தால், லேப்டாப்பைத் திறக்காமல் போய், "உங்களுக்கு எது கஷ்டம்?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். என்ன பதில் வந்தது என்று இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள், அடுத்த எபிசோடில் பேசுவோம்.

அக்காவிடமிருந்து இப்பவும் சில வெள்ளிக்கிழமை ராத்திரி மெசேஜ் வரும். "தம்பி, பிரிண்டர் வேலை செய்யுதில்லை." பன்னிரண்டு வருஷ அனுபவமும் கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரியும் வைத்துக்கொண்டு நான் போய்ப் பேப்பர் சிக்கலை எடுத்துவிட்டு வருவேன். சனிக்கிழமை எல்லாருக்கும் சாப்பாடு போய்விடும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.