சுரங்க விதியும் வீட்டு விதியும்

அஞ்சத்தக்க இடம் எது, அஞ்ச வேண்டாத இடம் எது என்று முடிவு செய்வதில் நாம் அடிக்கடி தவறிவிடுகிறோம். கோலார் தங்கவயலில் வாழ்ந்த எங்கள் பெற்றோர்க்குச் சுரங்கம் அஞ்சத்தக்க இடமாக இருந்தது. வீடு அச்சம் நீங்கி இளைப்பாறும் இடமாக இருந்தது. சுரங்கத்துள் இறங்கிய கணவன் மாலையில் நலமாகத் திரும்பும்வரை மனைவி வாயிலைப் பார்த்திருப்பாள். அதே வேளையில் அவளுடைய சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த ஆபத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. அவ்வாபத்தைப் பற்றியே இன்று நேயர்களோடு பேச விரும்புகிறேன்.

தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனியார் 1880ஆம் ஆண்டில் தொழில் தொடங்கினர். பின்னர் மைசூர் அரசும் மத்திய அரசும் அடுத்தடுத்து ஏற்று நடத்திய அச்சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அவற்றுள் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. அத்துணை ஆழத்தில் மக்கள் நாள்தோறும் சென்று மீண்டனர் என்றால், அதற்குத் துணிவு மட்டும் காரணமன்று, விதிகளும் காரணம். என் தந்தையார் அச்சுரங்கத்தில் பணியாற்றியவர். அவர் எங்களுக்குச் சொன்ன விதிகள் பல. அவற்றைச் சுருக்கினால் மூன்றாக நிற்கும். வெடித் தோட்டாவையும் அதனைப் பற்றவைக்கும் கேப்பையும் ஒரே பெட்டியில் வைக்கலாகாது; ஒன்றாகக் கொண்டு செல்லவும் ஆகாது. பாறையைத் துளையிடும்போது நீர் விட்டே துளையிட வேண்டும். வெடித்த இடத்துப் புகை முற்றும் அகன்று நல்ல காற்று வந்த பின்னரே உள்ளே போக வேண்டும். பிரித்து வை, நனைத்துச் செய், காற்று விடு என்பனவே அம்மூன்றும்.

சுரங்கத்தில் இவ்விதிகளைக் காக்க மேஸ்திரி இருந்தார், அதிகாரி இருந்தார், மீறினால் தண்டனை இருந்தது. வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஒருவரும் இலர். ஆகவே அங்கு விதி நம் பழக்கமாக மாற வேண்டும். அவ்வாறு மாறாவிடின் நேர்வது யாது என்பதை நான் ஒன்பது வயதிலேயே கண்டேன்.

அப்போது நாங்கள் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் ஒரே அறையும் சிறு சமையற்கட்டும் உடைய வீட்டில் இருந்தோம். அடுப்புக்கான மண்ணெண்ணெய் ஒரு பழரசப் புட்டியில் ஊற்றி வைக்கப்பட்டிருந்தது. மூன்று வயதான என் தங்கை கோடைப்பகலில் தாகத்தோடு வந்து அதனை எடுத்து இரண்டு மிடறு குடித்துவிட்டாள். என் தாயார் பதறி, வாந்தி எடுக்கச் செய்யும் பொருட்டு உப்பு நீர் கரைத்தார். அடுத்த வீட்டில் இருந்தவர் சுரங்கத்தில் முதலுதவிப் பயிற்சி பெற்றவர். ஓடி வந்த அவர், “தங்கச்சி, உப்புத் தண்ணி குடுக்காதே. வாந்தி எடுத்தா எண்ணெய் நெஞ்சுக்குள்ளே போயிடும்” என்று கையைப் பிடித்துத் தடுத்தார். குழந்தையை உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். அவள் பிழைத்தாள், எனினும் பல நாள் இருமலும் காய்ச்சலுமாகத் துன்புற்றாள்.

அவர் சொன்னது முற்றும் சரி. மண்ணெண்ணெய் வயிற்றில் செய்யும் தீங்கைவிட, மூச்சுக்குழல் வழியே நுரையீரலுக்குச் சென்று செய்யும் தீங்கே கொடியது. வாந்தி எடுக்கும்போது அது மறுமுறை தொண்டைக்கு வந்து நுரையீரலில் புகக்கூடும். அமிலம் குடித்தவர்க்கும் இவ்வாறே. இறங்கும்போது புண்ணாக்கிய உணவுக்குழலை அது ஏறும்போது மீண்டும் புண்ணாக்கும். ஆதலின் இத்தகைய வேளையில் நாமாக வாந்தி வரச் செய்யாமல், குடித்த புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் விரைவதே செய்யத்தக்கது. 108 என்னும் எண்ணுக்குப் பேசினால் அவசர ஊர்தி வரும்.

இனி முதல் விதியைப் பார்ப்போம். இன்று பல வீடுகளில் மண்ணெண்ணெய் இல்லை. ஆயின் அதன் இடத்திற்குப் புதியவை பல வந்துள்ளன. கழிப்பறை கழுவும் அமிலம், வெளுப்புத் திரவம், கரையான் மருந்து, வர்ணம் கரைக்கும் தின்னர், எலி மருந்து முதலியன அவை. இவற்றைப் பெரிய கலத்தில் மலிவாக வாங்கி, பழைய குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கும் வழக்கம் எங்கும் உள்ளது. புட்டியைக் கண்டு உள்ளிருப்பதை அறிபவர் குழந்தைகள் மட்டுமல்லர். இரவில் விளக்கேற்றாமல் தண்ணீர் தேடும் முதியவரும் அவ்வாறே அறிகிறார். நஞ்சு எப்போதும் அது வாங்கப்பட்ட கலத்திலேயே இருக்கட்டும். உணவுப் பண்டங்கள் உள்ள அலமாரியில் அதற்கு இடம் வேண்டாம். குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில், பூட்டிய பெட்டியில் இருக்கட்டும்.

துணிப்பெட்டியில் இடும் அந்துருண்டையும் இவ்வகையில் சேர்ந்ததே. வெண்மையாக மிட்டாய் போலத் தோன்றும் அதனைக் குழந்தைகள் வாயில் இடுவதுண்டு. பச்சைக் குழந்தைகளுள் சிலருக்குப் பிறவியிலேயே இரத்தத்தில் ஒரு குறைபாடு உண்டு. அவர்களுக்கு அந்துருண்டையின் ஆவியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சட்காமாலையை உண்டாக்கக்கூடும். எனவே பெட்டியில் நெடுநாள் இருந்த துணியைத் துவைத்து வெயிலில் உலர்த்திய பின்னரே குழந்தைக்குப் போர்த்த வேண்டும்.

பிரித்து வைத்தல் என்பது கலவாமல் இருத்தலையும் குறிக்கும். பிளீச்சிங் பவுடரும் கழிப்பறை அமிலமும் தனித்தனியே அழுக்கை நீக்குவன. இரண்டும் சேர்ந்தால் வலிமை இரட்டிக்கும் என எண்ணிச் சிலர் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுகின்றனர். அப்போது எழுவது குளோரின் என்னும் நச்சு வாயு. முதல் உலகப் போரில் 1915ஆம் ஆண்டு படைவீரர்மேல் ஏவப்பட்டதும் அவ்வாயுவே. சன்னல் சிறிதான குளியலறையில் அதன் கொடுமை இன்னும் மிகுதி. கேப்பும் தோட்டாவும் ஏன் வேறு வேறு பெட்டியில் இருந்தன என்பது இப்போது தெளிவாகும். தனித்தனியே அடங்கியிருப்பவை சேர்ந்த இடத்தில் அடங்குவதில்லை.

இரண்டாம் விதி நனைத்தல். தங்கவயலில் பொன் பிரித்த பின் எஞ்சிய மண் பெருங்குன்றுகளாக நிற்பதைப் பார்த்தவர் பலர். சயனைடு மலை என்று மக்கள் கூறும் அம்மேடுகள் 13 உள்ளன. அவற்றிலுள்ள மண் 3 கோடி டன்னுக்கும் மேற்பட்டது. சயனைடு என்னும் பெயரைக் கேட்டு அஞ்சுவோர் உளர். ஆயின் வெயிலிலும் காற்றிலும் அந்நஞ்சு காலப்போக்கில் பெரும்பாலும் சிதைந்துவிடும். சிதையாமல் நிற்பது மாவாக அரைபட்ட படிகக்கல் தூசி. சிலிக்கா எனப்படும் அதுவே சுரங்கத்தினுள் பலர் நுரையீரலைக் கெடுத்த சிலிக்கோசிஸ் நோய்க்குக் காரணம். கண்ணுக்குத் தெரியும் பெருந்தூசி மூக்கிலேயே தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியே நுரையீரலின் அடிவரை செல்லும். அங்கு அது வடுவை உண்டாக்கும். உண்டான வடுவை ஆற்றும் மருந்து இல்லை.

சுரங்கத்துத் தொழிலாளி எட்டு மணி நேரம் உட்கொண்ட தூசியும், காற்றடிக்கும் நாளில் வீட்டுக்குள் படியும் தூசியும் அளவில் ஒன்றல்ல. எனினும் மேடுகளை அடுத்து வாழ்வோர் அதனைப் பொருட்படுத்தாமல் இருத்தல் தகாது. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கும்போது நாம் செய்வது யாது? பெருந்தூசியை வாயிலுக்குத் தள்ளுகிறோம். நுண்தூசியைத் தரையிலிருந்து எழுப்பி மூக்கின் உயரத்திற்குக் கொண்டு வருகிறோம். சன்னல் வழியே விழும் வெயிற்கற்றையில் பெருக்கிய பின் நெடுநேரம் சுழல்வது அதன் ஒரு பகுதியே. ஆகவே முதலில் நீர் தெளித்துப் பெருக்குக. அலமாரியையும் சன்னற் கட்டையையும் உலர்ந்த துணியால் தட்டாமல் ஈரத்துணியால் ஒற்றித் துடைக்க. குடிநீர்ப் பானையையும் மாவுக் கலத்தையும் மூடி வைக்க. நம் பாட்டிமார் வாயிலில் நீர் தெளித்த பின்னரே பெருக்கினர். அதன் பொருளை இன்று அறிவியல் எடுத்துரைக்கிறது.

நீரைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். எங்கள் பகுதி நீர்ப்பஞ்சம் உடையது. குழாய் வரும் நாளில் டிரம்மிலும் தொட்டியிலும் நிறைத்து வைப்போம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு சாக்கடையை விரும்பாது. இவ்வாறு சேமித்த தெளிந்த நீரையே விரும்பும். முட்டையிலிருந்து கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆதலின் வாரத்திற்கு ஒரு நாள் கலத்தைக் காலி செய்தல் வேண்டும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் கலத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், ஈரமின்றியும் பல மாதம் உயிரோடு இருக்கும். தேய்த்துக் கழுவினாலன்றி அவை நீங்கா.

மூன்றாம் விதி காற்று. கோலார்ச் சீமையில் முற்காலத்தில் கேழ்வரகை நிலத்தடிக் குழிகளில் ஆண்டுக்கணக்கில் சேமித்தனர். குழியைத் திறந்தவுடன் உழவர் இறங்கமாட்டார். மூடிய குழியில் தானியம் மூச்சுவிட்டு உயிர்க்காற்றைக் குறைத்துக் கரியமில வாயுவை நிறைத்திருக்கும். இறங்கியவர் மயங்கி விழுவார். திறந்து விட்டு, காற்று மாறிய பின்னரே இறங்குவது அவர்கள் வழக்கம். குளிர்காலத்தில் கரிக்கணப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி உறங்குவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். அக்கணப்பிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்கியவர் விழித்தெழாமலே போவர்.

சமையல் வாயுவுக்கும் இயல்பில் மணம் இல்லை. கசிந்தால் நாம் அறிய வேண்டும் என்றே அதில் நாற்றம் கலக்கப்படுகிறது. அது காற்றைவிட ஒன்றரை முதல் இரு மடங்கு கனமானது. ஆகவே மேலே செல்லாமல் தரையில் நீர்போல் பரவித் தாழ்ந்த மூலையில் தேங்கும். எனவே சிலிண்டரைப் பள்ளத்திலோ மூடிய பெட்டியிலோ வைக்கலாகாது. நிமிர்த்தியே வைக்க வேண்டும். நாற்றம் உணர்ந்தால் ரெகுலேட்டரை மூடிக் கதவு சன்னல்களைத் திறந்து வெளியே வந்துவிடுக. மின் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி எழும். வெளியே வந்த பின் 1906 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்கலாம். ரப்பர்க் குழாயை ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாற்றுதல் நன்று.

சிலிண்டரின் கழுத்தருகே உள்ள தகட்டில் ஓர் எழுத்தும் ஈரிலக்க எண்ணும் இருக்கும். அது மறுசோதனைக்குரிய காலத்தைக் காட்டுவது. ஏ என்பது மார்ச்சு முடிய, பி ஜூன் முடிய, சி செப்டம்பர் முடிய, டி டிசம்பர் முடிய எனக் கொள்க. சி 28 என்றிருந்தால் 2028ஆம் ஆண்டு செப்டம்பர் முடிய என்பது பொருள். காலம் கடந்ததை ஏற்க மறுக்கலாம்.

இறுதியாக என் தவறு ஒன்றையும் மறைக்காமல் கூறிவிடுகிறேன். அரசு அறிவிப்புகளைத் தமிழாக்குவது என் தொழில். பங்காருபேட்டையிலிருந்து காலை ரயிலேறிப் பெங்களூர் சென்று, எச்சரிக்கை, நஞ்சு, எட்டாத இடத்தில் வைக்கவும் என்னும் சொற்களை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு நாள் என் வீட்டு அடுக்களையில் பெயரெழுதாத ஒரு புட்டியைத் திறந்து முகர்ந்தேன், அமிலம். அதனை ஊற்றி வைத்தவன் நானேதான். என் தங்கை குடித்த புட்டியை மறவாத நானே, அத்தகைய புட்டி ஒன்றை அதே உயரத்தில் வைத்திருந்தேன். அறிதல் வேறு, பழகுதல் வேறு என்பதை அன்று உணர்ந்தேன்.

ஆகவே நேயர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. இன்று மாலை விளக்கேற்றுமுன் உங்கள் அடுக்களையின் கீழ்த்தட்டை ஒரு முறை காலி செய்து பாருங்கள். பெயரில்லாத புட்டி எதுவும் அங்கு இருக்க வேண்டாம். எழுத்தறியாத முதியவர் வீட்டில் இருப்பின், நஞ்சுக் கலத்தின் கழுத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி, அதன் பொருளை அவர்க்குச் சொல்லிவிடுங்கள். அரை மணி நேர வேலை. செலவு ஒரு முழம் நூல். சுரங்கம் மூடப்பட்டு ஆண்டுகள் பல ஆயின. எனினும் அங்கு உழைத்தோர் உயிர்விலை கொடுத்துக் கற்ற அம்மூன்று விதிகளை நம் வீட்டில் நாம் காத்து வரலாம்.