ஆசிரியரின்றி மாண்டலின்: ‘போதும்’ என்று சொல்வது யார்?

கடந்த ஆண்டு மழைக்காலத்தில், எங்கள் மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்கு ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் தம் மனைவியுடன் வந்தார். பக்கவாதத்தால் வலுவிழந்திருந்த அவருடைய இடக்கை, சில மாதப் பயிற்சியில் ஓரளவு தேறியிருந்தது. அன்றோ அக்கையின் பெருவிரல் அடியில் வீக்கம். மணிக்கட்டைத் திருப்பினாலே வலி. காரணம் கேட்டோம். அவர் தயங்கினார், மனைவி சொன்னார்: “மாண்டலின் வாங்கியிருக்கிறார், டாக்டர். கைப்பேசியில் பார்த்துப் பார்த்துத் தினமும் மூன்று மணி நேரம் வாசிக்கிறார். சொன்னால் கேட்பதில்லை.”

வாசிப்பதை நாங்கள் நிறுத்தச் சொல்லிவிடுவோம் என்று அவர் அஞ்சியிருந்தார். வலி தணியும்வரை சில நாள் ஓய்வு கொடுக்கச் சொன்னோம். அடுத்த முறை வரும்போது கருவியையும் கொண்டுவரச் சொன்னோம். அதன்பின் நாங்கள் கண்டவற்றை அவருடைய இசைவுடன் இங்கே எழுதுகிறோம். நீண்ட சிகிச்சையில் இருப்போரும் அவர்களைக் கவனித்துக்கொள்வோரும் வீட்டிலிருந்தபடியே ஓர் இசைக்கருவியைக் கற்க விரும்புவது இயல்பு. ஆசிரியரிடம் சென்றுவர உடலோ நேரமோ பொருளோ இடந்தராத நிலையில், தாமாகக் கற்பதே அவர்களுக்கு எஞ்சும் வழி.

மாண்டலின் அதற்கு ஏற்ற கருவிதான். சிறியது, எடை குறைந்தது. கட்டிலருகே நாற்காலியில் அமர்ந்தே வாசிக்கலாம். வீணையில் இருப்பதுபோல இதன் கழுத்திலும் மெட்டுகள் உள்ளதால், விரல் சரியான கட்டத்தில் பட்டால் சுரம் ஏறத்தாழச் சரியாகவே ஒலிக்கும். வழக்கமான மாண்டலினில் எட்டு எஃகுக் கம்பிகள், இரண்டிரண்டாக நான்கு இணைகளாய் அமைந்திருக்கும். வயலினைப் போலவே ஜி, டி, ஏ, இ என்று சுருதி சேர்ப்பார்கள். அதாவது, ஓர் இணைக்கும் அடுத்த இணைக்கும் இடையே உள்ளது ச–ப இடைவெளி. ஓர் இணையின் ஏழாம் மெட்டில் விரல் வைத்து மீட்டினால், அடுத்த இணை விரல் வைக்காமலே தரும் ஒலி கேட்க வேண்டும். சுருதி சரியா என்பதை உதவியின்றி அறிய இந்த ஒரு சோதனை போதும்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. கருநாடக இசையில் தொடக்கப் பாடமான சரளி வரிசையை மாயாமாளவகௌளையில் கற்பிப்பது மரபு. மாண்டலினில் ச, ரி, க, ம என்பவை திறந்த கம்பி, முதல் மெட்டு, நான்காம் மெட்டு, ஐந்தாம் மெட்டு. அடுத்த இணைக்குச் சென்று அதே இடங்களைத் தொட்டால் ப, த, நி, மேல் ச. முதல் மெட்டுக்கும் நான்காம் மெட்டுக்கும் விரலை விரிக்க இயலாதவர்கள் சங்கராபரணத்தில் தொடங்கலாம். அதில் முதல் மெட்டுக்குப் பதிலாக இரண்டாம் மெட்டு; மற்றவை மாறுவதில்லை.

ஆகவே எந்த விரலை எங்கே வைப்பது என்பதை எவரும் தாமே கற்கலாம். ஆசிரியர் இல்லாததால் வரும் உண்மையான இழப்பு வேறு. நல்ல ஆசிரியர் நாள்தோறும் இரண்டு சொற்களைச் சொல்வார்: ஒன்று ‘மெதுவாக’, மற்றொன்று ‘போதும்’. தனியே கற்பவருக்கு இவற்றைச் சொல்ல ஆளில்லை. நோயுற்ற கைக்கு இந்த இரு சொற்களும் மருந்துச் சீட்டைப் போல இன்றியமையாதவை.

அந்த நோயாளி கருவியுடன் வந்தபோது அதைத்தான் கண்டோம். கம்பிகள் மெட்டுகளைவிட்டு மிக உயரத்தில் இருந்தன. ஒவ்வொரு சுரத்துக்கும் அவர் முழு வலுவையும் செலுத்தினார். கழுத்தைப் பெருவிரலால் இறுகப் பற்றியிருந்தார்; மணிக்கட்டு உள்நோக்கி மடிந்திருந்தது. பெருவிரலை அசைக்கும் தசைநாண்களின் உறை அழற்சியுற்றிருந்ததில் வியப்பில்லை.

இசைக்கருவி பழுதுபார்க்கும் கடையில் கம்பிகளின் உயரத்தைக் குறைத்து, மெல்லிய கம்பிகளை மாட்டச் சொன்னோம். மடியில் மடித்த துண்டை வைத்து அதன்மேல் கருவியை நிறுத்தினால், கழுத்தைத் தாங்கும் வேலை கைக்கு இல்லை. விரலை இரு மெட்டுகளுக்கு நடுவே வைக்காமல், ஒலிக்க வேண்டிய மெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னே வைத்தால் பாதி அழுத்தமே போதும். கண்ணாடி முன் அமர்ந்தால் மணிக்கட்டு நேராக உள்ளதா என்பது தெரியும்.

நேரத்தையும் மாற்றினோம். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். அதற்கு மேல் இல்லை. கற்ற அசைவுகளை மூளை உறக்கத்தின்போதும் உறுதிப்படுத்திக்கொள்கிறது. எனவே ஒரே நாளில் மூன்று மணி நேரம் வாசிப்பதைவிட, நாள்தோறும் சிறிது வாசித்து நன்றாக உறங்குவது மேல். தவறாக வேகமாய் வாசித்தால் அந்தத் தவறே பழகிவிடும் என்பதையும் நினைவிற்கொள்க.

வலியைப் பற்றிச் சில சொற்கள். முதல் சில வாரங்களில் விரல் நுனிகள் நோவது இயல்பு. தோல் தடித்ததும் அது குறையும். மறுநாள் காலைக்குள் தணியும் நோவு கவலைக்குரியதன்று. மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, இரவில் விழிக்கச் செய்யும் வலி, இரண்டு நாளாகியும் தணியாத வீக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் வாசிப்பை நிறுத்தி எங்களிடம் வாருங்கள்.

சிலருக்குக் கூடுதல் கவனம் தேவை. நீரிழிவால் விரல்களில் உணர்ச்சி குறைந்தவர்கள், கம்பி வெட்டியதை அறியாமலே இருக்கக்கூடும். வாசிப்பதற்கு முன்னும் பின்னும் நுனிகளைக் கண்ணால் பார்க்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள் ஐந்து நிமிடத்தில் தொடங்கட்டும். புற்றுநோய் சிகிச்சையால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில், தோல் கிழிந்தால் தொற்று எளிதில் நுழையும். அந்நாட்களில் கேட்பதோடு நிறுத்துங்கள். டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா அமைத்தவர்கள், கருவியின் விளிம்போ வாரோ அவ்விடத்தை அழுத்தாமல் காக்க வேண்டும். தொடங்குமுன் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கவனித்துக்கொள்வோர் இதில் என்ன செய்ய முடியும்? இசை தெரியாதே என்று எண்ண வேண்டாம். 1969இல் ஆந்திரத்தின் பாலக்கொல்லில் பிறந்த யு. ஸ்ரீநிவாஸ், மாண்டலினைக் கருநாடக இசை மேடையில் நிலைநிறுத்தியவர். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு மாண்டலின் வாசிக்க அறியாதவர். குரு பாடுவார், சிறுவன் கேட்டு, அதைக் கம்பிகளில் தேடி எடுப்பான். 1998இல் பத்மஸ்ரீ பெற்ற அக்கலைஞருக்கு, விரல் வைக்கும் முறையை அந்தக் குரு காட்டித் தரவில்லை. எது சரியான ஒலி என்பதைக் காதுக்குக் காட்டினார். பாடத் தெரிந்த ஒருவர் வீட்டிலோ அண்டையிலோ இருந்தால், முதலில் அவர் பாடட்டும். கற்பவர் கூடப் பாடிவிட்டுப் பின் வாசிக்கட்டும். எவரும் இல்லையெனில், வாசிப்பதைக் கைப்பேசியில் பதிந்து மறுநாள் கேளுங்கள். வாசிக்கையில் தெரியாத பிழை அப்போது தெரியும்.

அந்த வீட்டில் மனைவிக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்தோம். கடிகாரத்தைப் பார்த்துப் பத்தாம் நிமிடம் ‘போதும்’ என்பது. முதல் வாரம் அதனால் சண்டையே வந்ததாம். வீக்கம் வடிந்தபின் அது ஓய்ந்தது. மாண்டலின் மருந்தன்று, கைக்கான பயிற்சிகளை அவர் இன்றும் தொடர்கிறார். ஆயினும் அப்பயிற்சிகளை விடாமல் செய்வதற்கு அவரிடம் இப்போது ஒரு காரணம் இருக்கிறது.

அண்மையில் வந்தபோது எங்கள் அறையில் சரளி வரிசையின் முதல் இரண்டு வரிசைகளை முதற்காலத்தில் வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில் சுண்டுவிரல் தவறியது; நின்று, மெதுவாக மீண்டும் எடுத்தார். முடிந்ததும் தாமே கருவியை உறையில் வைத்தார். மனைவி கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

உங்களுக்கும் இப்படியொரு விருப்பம் இருந்தால் மறைக்க வேண்டாம். அடுத்த முறை வரும்போது கருவியையும் எடுத்து வாருங்கள்.