உங்களுக்குத் தெரியுமா? யுனிசெஃப் பணம் எந்தக் குழந்தைக்குப் போகிறது?

● உறுப்பு நாடுகள் ஐ.நா.வுக்குக் கட்டும் சந்தாவிலிருந்து, அதன் குழந்தைகள் நிதியமான யுனிசெஃபுக்கு ஒரு காசுகூட வருவதில்லை. அரசுகளும் நிறுவனங்களும் தனிமனிதர்களும் விரும்பிக் கொடுப்பதுதான் அதன் வருமானம் முழுவதும். போரில் சிதைந்த நாடுகளின் குழந்தைகளுக்காக 1946 டிசம்பர் 11 அன்று தற்காலிகமாகத் தொடங்கப்பட்ட யுனிசெஃப், 1953-இல் நிரந்தர அமைப்பானது.

● 1949-இல் வெளிவந்த அதன் முதல் வாழ்த்து அட்டையின் படத்தை வரைந்தவள், செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு கிராமத்தைச் சேர்ந்த 7 வயதுச் சிறுமி. போருக்குப் பின் யுனிசெஃப் உதவி பெற்ற ஊர் அது. காகிதம் கிடைக்காமல் கண்ணாடித் துண்டின்மேல் வரைந்தாள். இப்படித் தொடங்கிய வாழ்த்து அட்டை விற்பனை, பிறகு பல பத்தாண்டுகள் யுனிசெஃபுக்குப் பணம் ஈட்டித் தந்தது.

● யுனிசெஃபுக்கு வரும் பணம் இரண்டு வகை. ‘தேவைப்படும் இடத்தில் செலவிடுங்கள்’ என்று நிபந்தனையில்லாமல் வருவது ஒன்று. இந்த நாட்டுக்கு, இந்தத் திட்டத்துக்கு மட்டும் என்று சொல்லிக் கொடுப்பது இன்னொன்று. சமீப ஆண்டுகளில் முதல் வகை மொத்தத்தில் கால் பங்கைக்கூட எட்டவில்லை. டிவியில் ஓயாமல் காட்டப்படும் போருக்கும் பூகம்பத்துக்கும் பணம் குவிகிறது. கேமரா எட்டிப் பார்க்காத நாட்டின் தடுப்பூசிக்கும் குடிநீருக்கும் நிபந்தனையற்ற அந்தச் சிறு பங்குதான் கைகொடுக்கிறது. இது பெரிய அநியாயம்.

● நிபந்தனையற்ற பணத்தைப் பங்கிட ஒரு சூத்திரம் உண்டு. 1997-இல் யுனிசெஃபின் நிர்வாகக் குழு அதை ஏற்றுக்கொண்டது. ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம், நாட்டின் தனிநபர் வருமானம், குழந்தைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் அது பார்க்கிறது. இறப்பு கூடினால் பங்கு கூடும். வருமானம் உயர்ந்தால் குறையும். இந்தப் பணத்தில் 60 சதவீதமாவது மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கும், 50 சதவீதமாவது சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவுக்கும் போக வேண்டும் என்பது இலக்கு. (ஒரே நாடு இரண்டு கணக்கிலும் வரலாம்.) செல்வாக்குக்கும் சிபாரிசுக்கும் இடம் தராத இந்தக் கணக்கு, உதவி உலகில் அரிதான நேர்மை.

● அந்த நிர்வாகக் குழுவில் 36 நாடுகள். உலகம் முழுவதற்குமான யுனிசெஃபின் திட்டம் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வகுக்கப்படுகிறது.

● எங்காவது வெள்ளமோ போரோ வெடித்தால், நன்கொடை சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. யுனிசெஃபின் அவசர நிதியிலிருந்து அந்த நாட்டு அலுவலகத்துக்கு 48 மணி நேரத்துக்குள் கடன் கிடைக்கும். நன்கொடை வந்ததும் திருப்பிக் கட்டிவிட வேண்டும். அடுத்த பேரிடருக்கு அதே பணம் தயாராக இருக்கும்.

● கடுமையான ஊட்டச்சத்துக் குறைவால் எலும்பும் தோலுமாகிவிட்ட குழந்தைக்குத் தரப்படும் பசை, 92 கிராம் பாக்கெட்டில் வருகிறது. வேர்க்கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள் சேர்ந்தது. ஒரு பாக்கெட்டில் சுமார் 500 கலோரி. சமைக்க வேண்டாம், தண்ணீர் கலக்க வேண்டாம். அசுத்தமான தண்ணீரே உயிரைப் பறிக்கும் இடங்களில் இது பெரிய விஷயம். ஓரத்தைக் கிழித்து, வீட்டிலேயே தாய் ஊட்டலாம். பெரும்பாலான குழந்தைகள் ஆறு முதல் எட்டு வாரங்களில் தேறிவிடுகிறார்கள். உலகிலேயே இதை அதிகம் வாங்குவது யுனிசெஃப்தான். ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில் அறுவடைக்கு முந்தைய ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பசி உச்சத்துக்குப் போகும். பாக்கெட் அங்கே நேரத்துக்குச் சேர வேண்டுமென்றால் பல மாதங்களுக்கு முன்பே ஆர்டர் கொடுத்தாக வேண்டும். பசியின் படம் செய்தியில் வந்தபிறகு சேரும் பணம் அந்தப் பருவத்துக்கு உதவாது.

● விமானப் பயணிகளிடம் மிஞ்சும் வெளிநாட்டுச் சில்லறையை உறைகளில் வாங்கி யுனிசெஃபுக்குச் சேர்க்கும் திட்டம் 1987 முதல் நடக்கிறது.

● எந்தக் குழந்தைகள் அமைப்புக்குக் கொடுத்தாலும் முதலில் அதன் ஆண்டறிக்கையைப் படியுங்கள். கணக்கு திருப்தி தந்தால், ‘தேவை அதிகமுள்ள இடத்தில் செலவிடுங்கள்’ என்று சொல்லிக் கொடுங்கள். முடிந்தால் சிறு தொகையாக, மாதாமாதம் கொடுங்கள்.