மண்ணோடு பட்டாவையும் பாருங்க: உழவர் குடும்பத்துக்கு இலவசச் சட்ட உதவி

அமுதக்கரைசல், பஞ்சகவ்யம், பலதானிய விதைப்பு என்று மண்ணை மீட்க எவ்வளவோ கற்றுக்கொண்டோம். அந்த மண் யார் பேரில் இருக்கிறது என்ற காகிதத்தைப் பார்த்தோமா? திருவண்ணாமலைப் பக்கம் நான் போகிற உழவர் கூட்டங்களில், "பட்டா இன்னும் தாத்தா பேர்லதாங்க இருக்கு" என்று ஒருத்தராவது சொல்லாமல் கூட்டம் முடிவதில்லை.

வங்கி மேசைக்கு அந்தப் பக்கம் பல வருஷம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நிலம் வைத்திருப்பவருக்கு வருகிற உதவிகளில் பலவற்றுக்குச் சாவி பட்டாதான். வருஷத்துக்கு 6,000 ரூபாய் தருகிற பி.எம். கிசான், பயிர்க்கடன், அங்ககச் சான்று, இப்போது கொடுக்கிற உழவர் அடையாள எண் என்று எல்லாமே நில ஆவணத்தைப் பார்த்துத்தான் நடக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. நல்ல விஷயம். ஆனால் அந்தக் கடனுக்கும் சிட்டா, அடங்கல் கேட்பார்கள்.

முதல் படி வருவாய்த் துறை

தகராறு இல்லாத குடும்பம் என்றால் கோர்ட்டுக்குப் போக வேண்டியதே இல்லை. இறப்புச் சான்றிதழ் வாங்கி, இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்து, அதை வைத்துப் பட்டா மாறுதல் கேளுங்கள். இழுத்தடித்தால் வருஷா வருஷம் தாலுகாவில் நடக்கும் ஜமாபந்தியில் மனு கொடுங்கள். வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளிலும் கொடுக்கலாம். எங்கே கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

அண்ணன் தம்பி கையெழுத்துப் போட மறுக்கிறார், சித்தப்பா வரப்பைத் தள்ளிப் போட்டுவிட்டார், அக்கா தங்கைக்குப் பங்கு தர மனசில்லை என்று வந்தால்தான் சட்டம் தேவைப்படும். இந்து குடும்பங்களில், கல்யாணமான மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு உண்டு என்பது 2005 சட்டத் திருத்தம். 2020-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பதிவு செய்து பாகம் பிரித்திருந்தால் மட்டும் கதை வேறு. மகள்களை விட்டுவிட்டுப் பட்டா மாற்றினால், பின்னால் ஒரு நாள் அது வழக்காக முளைக்கும்.

இலவச வக்கீல் யாருக்கு?

"வக்கீலுக்கு எங்கங்க போறது காசுக்கு?" என்று பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். 1987-ல் இயற்றி 1995 நவம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்த சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் இதற்காகவே இருக்கிறது. அதன் 12-ம் பிரிவின்படி, கீழ்க்கண்டவர்களுக்கு வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது.

• பெண்கள், குழந்தைகள்
• பட்டியல் சாதியினர், பழங்குடியினர் (நம் ஜவ்வாது மலை மலையாளி மக்களும் இதில் சேர்த்தி)
• மாற்றுத் திறனாளிகள்
• வெள்ளம், வறட்சி போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள்
• தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள்

மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமான வரம்பு 3 லட்சம் ரூபாய். வருமானத்துக்கு நீங்கள் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரத்தையே போதுமானதாக எடுத்துக்கொள்ளலாம் என்று 13-ம் பிரிவு சொல்கிறது.

முதல் வரியை இன்னொரு தரம் படியுங்கள். கணவரை இழந்த அம்மா, பங்கு கிடைக்காத தங்கை, மனைவி பேரில் நிலம் வைத்திருக்கும் குடும்பம் எல்லாருக்கும் கதவு திறந்தே இருக்கிறது. நான்காவது வரி நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2024 டிசம்பர் ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையார் மலைச் சரிவில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். சாத்தனூர் அணை நீரால் தென்பெண்ணைக் கரை நிலங்கள் மூழ்கின. அப்படிப் பாதிக்கப்பட்ட ஒருவர் நிவாரணம் விடுபட்டுப் போனால், இலவச வக்கீல் கேட்க அவருக்கு உரிமை உண்டு.

என்ன கிடைக்கும், எங்கே கேட்பது?

வக்கீல், கோர்ட் கட்டணம், ஆவண நகல் செலவு எல்லாம் இதில் அடக்கம். அந்த வக்கீலுக்கு நீங்கள் ஒரு ரூபாயும் தர வேண்டாம். கேட்டால் ஆணையத்திலேயே புகார் சொல்லுங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. ஆரணி, செய்யாறு, வந்தவாசி, போளூர், செங்கம் போன்ற ஊர்க்காரர்கள் அங்கங்கே உள்ள கோர்ட்டில் வட்டக் குழுவைக் கேட்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலும் போதும். எழுதத் தெரியாவிட்டால் அங்கே இருக்கும் சட்டத் தன்னார்வலர்கள் எழுதித் தருவார்கள். போனில் கேட்க 15100.

லோக் அதாலத்: கையெழுத்துக்கு முன்

கடன் பாக்கி இருப்பவர்களுக்கு லோக் அதாலத் அழைப்பு வரும். பயப்பட வேண்டாம். அது சமரச மேடை, தண்டிக்கும் இடமில்லை. உடன்பாடு வராவிட்டால் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வழக்கு நிலுவையில் இருந்து அங்கே முடிந்தால், கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: அங்கே கையெழுத்தான தீர்வுக்கு அப்பீல் கிடையாது. அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம்.

அதனால் போகும் முன் வங்கியில் கணக்கு விவரம் வாங்கி, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இதர செலவு எவ்வளவு என்று தனித்தனியாகப் பாருங்கள். அறுவடை மாசத்தை ஒட்டித் தவணை கேளுங்கள். கட்ட முடியாத தொகைக்குத் தலையாட்டாதீர்கள். வங்கி பக்கம் அதிகாரி, வக்கீல் என்று இருப்பார்கள். நம் பக்கமும் ஒரு இலவச வக்கீல் இருக்கட்டும்.

இன்னொன்று. 'சர்ஃபாசி' சட்டத்தின்படி கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி சொத்தைக் கையகப்படுத்தலாம். ஆனால் விவசாய நிலத்துக்கு அது செல்லாது, 31-ம் பிரிவு விலக்கு தருகிறது. அங்கே உண்மையில் விவசாயம் நடக்கிறது என்று காட்ட வேண்டியது நம் பொறுப்பு. வருஷா வருஷம் அடங்கலில் பயிர் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

நிலமே இல்லாதவர்களுக்கு

நம் வயலில் களை எடுக்க வருகிற அம்மாக்களுக்குப் பட்டா இல்லை. ஆனால் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் விவசாயக் கூலிகளும் சேரலாம். வயது 18 முதல் 65 வரை. இரண்டரை ஏக்கர் நஞ்சை அல்லது ஐந்து ஏக்கர் புஞ்சைக்குள் சொந்தமாகப் பயிர் செய்பவர்களுக்கும் இது பொருந்தும். பிள்ளைகள் படிப்பு, திருமணம், விபத்து, முதியோர் ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. கிராம நிர்வாக அலுவலரைக் கேளுங்கள். அட்டை இல்லாத குடும்பத்துக்கு அதை வாங்கிக் கொடுப்பதும் நாம் செய்யக்கூடிய வேலைதான்.

அடுத்த கூட்டத்தில் விதைப் பரிமாற்றம் முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். யார் யார் பட்டா இறந்தவர் பேரில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்தித் தரச் சொல்லி ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் போடுங்கள், ஊருக்கே வந்து நடத்துவார்கள். பத்து வருஷம் பாடுபட்டு உயிர் கொடுத்த மண், ஒரு காகிதத்தால் கை மாறிப் போகக் கூடாது.