உங்களுக்குத் தெரியுமா? பௌர்ணமி, ஓதம், பறவைகள்

திருவண்ணாமலையில் கிரிவலக் கூட்டம் திரளும் பௌர்ணமியன்று, கிழக்கே சுமார் 100 கி.மீ. தொலைவிலுள்ள மரக்காணம் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் கூடுகிறது. அமாவாசையிலும் அப்படியே. நிலவும் சூரியனும் பூமியோடு ஒரே நேர்கோட்டில் நின்று கடலை ஈர்ப்பதே காரணம். கடலோரத்தில் பறவை பார்ப்போர் நாட்காட்டியோடு ஓத அட்டவணையையும் பார்ப்பது இதனால்தான். நீர் வடிந்திருக்கும்போது உள்ளான்கள் என்னும் கரைப்பறவைகள் சேற்றுப்பரப்பு முழுதும் சிதறி இரை தேடும். கண்ணுக்குப் புள்ளிகளாகவே தெரியும். நீர் ஏற ஏற, அவை கரையோரமாக ஒதுங்கி நெருங்கி வரும். அந்தச் சிறிது நேரமே பொன்னானது.

மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி ஏரியில் கணக்கு வேறு. உவர்நீர் ஏரியான இது கழிமுகம் வழியே கடலோடு இணைந்திருந்தாலும், இதன் நீர்மட்டத்தைப் பெரிதும் தீர்மானிப்பது வடகிழக்குப் பருவமழை. மழை மிகுந்து நீர் ஆழமானால், கால் குட்டையான உள்ளான்களுக்கு அங்கே இடமில்லை. நீர் வற்றி முழங்காலளவுக்கும் கீழே இறங்கும் வாரங்களில் கருவால் மூக்கன்களும் பூநாரைகளும் கூடும். கோடையில் ஏரியின் பெரும்பகுதி வறண்டுவிடும். எந்த ஆண்டு, எந்த வாரம் என்பதை மழைதான் முடிவு செய்கிறது. பறவை பார்ப்போருக்கு அதிர்ஷ்டமும் வேண்டியிருப்பது இதனால்தான்.

புயலுக்குப் பின் ஆழ்கடல் ஆலாக்கள் என்னும் கடற்பறவைகள்கூடக் கரையில் ஒதுங்குவதுண்டு. களைத்துக் கிடக்கும் அவற்றைத் துரத்திப் படமெடுக்காமல் வனத்துறைக்குத் தெரிவிப்பதே சரி.

கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.