காதில் விழாத வயர்லெஸ்
போலீஸ் அலைவரிசை பூட்டப்பட்டுவிட்டது. வெள்ளக் காலத்தில் எந்த ரேடியோ கைகொடுக்கும்?

கார்வேட்டிநகரத்தை அடுத்த கிருஷ்ணாபுரம் அணையின் மதகுகள் திறக்கப்பட்டால் கவலை ஆந்திராவோடு நிற்பதில்லை. தண்ணீர் எல்லை தாண்டி, பள்ளிப்பட்டு பகுதித் தரைப்பாலங்களை மூழ்கடித்து, கொசஸ்தலை ஆறாகப் பூண்டி ஏரிக்குப் போகிறது. தெலுங்கும் தமிழும் புழங்கும் இந்தக் கரையோரத்தில் மழைக்காலம்தோறும் எழும் கேள்வி ஒன்றுதான்: மதகு எப்போது திறக்கும்?

பதில் முதலில் பேசப்படுவது அதிகாரிகளின் வயர்லெஸ்ஸில். அதை வீட்டிலிருந்தே கேட்க 'ஸ்கேனர்' வாங்கலாமே என்ற ஆசை சிலருக்கு வருவது இயல்பு. அமெரிக்காவில் அது பல்லாண்டுப் பொழுதுபோக்கு. ஆனால் அங்கும் காலம் மாறிவிட்டது. குரல் எண்களாக மாறிப் பயணிக்கும் டிஜிட்டல் முறைக்குப் பழைய ஸ்கேனர் உதவாது. பி-25, டெட்ரா, டிஎம்ஆர் என்று முறைக்கொரு மொழி. அந்த மொழி தெரிந்த கருவி வேண்டும். அதையும் வாங்கிவிட்டாலும், பேச்சு சங்கேதமாக்கப்பட்டிருந்தால் எவ்வளவு விலை கொடுத்த கருவியும் ஊமைதான். நியூயார்க் போலீஸ் 2023இல் தன் அலைவரிசைகளை இப்படிப் பூட்டத் தொடங்கியது.

இந்தியாவில் சட்டமே குறுக்கே நிற்கிறது. உரிமமின்றி வயர்லெஸ் கருவி வைத்திருப்பதையே 1933ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. தகவல்களை அனுமதியின்றி இடைமறித்தால் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம்.

சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவும் உண்டு. தேர்வு எழுதி உரிமம் பெறும் 'ஹாம்' ரேடியோ அது. 2004 டிசம்பரில் சுனாமி தாக்கியபோது, ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் சார்பில் அந்தமான் சென்றிருந்த பாரதி பிரசாத்தின் குழுவினர், பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன கருவிகளையே நிவாரணத் தகவல்தொடர்புக்குத் திருப்பினர். ஆனால் ஹாம் உரிமம் போலீஸ் பேச்சை ஒட்டுக்கேட்க அல்ல.

தேர்வுக்கெல்லாம் நேரமில்லாத குடும்பத்துக்கு? தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' எச்சரிக்கைகள் செல்போனுக்கே வருகின்றன. ஆனால் டவருக்கு மின்சாரம் போனால் செல்போனும் மௌனம். அப்போது மிஞ்சுவது பேட்டரி டிரான்சிஸ்டர்தான். எஃப்.எம்.மோடு மீடியம் வேவும் உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. மலை மறைத்தால் எஃப்.எம். தடுமாறும், மீடியம் வேவ் நிலத்தை ஒட்டி நெடுந்தூரம் வரும். அதற்கு ஏரியலை இழுப்பதில் பயனில்லை. உள்ளேயிருக்கும் ஃபெரைட் கம்பிதான் ஏரியல் என்பதால் பெட்டியையே திருப்பிப் பார்க்க வேண்டும். கரன்ட் இல்லாத நாளில் சார்ஜருக்கு அலையாமல், பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரியில் ஓடுவது மேல்.

ரேடியோவுக்குத் தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்டிய காலம் 1980களோடு போயிற்று. இன்று டிரான்சிஸ்டர் வாங்க யார் அனுமதியும் வேண்டாம். ஆனால் மதகு திறக்கும் செய்தியை நேரத்தோடு, இரு மொழியிலும் சொல்ல வேண்டிய கடமை அதிகாரிகளுடையது. அலைவரிசையைப் பூட்டுபவர்கள் செய்தியையும் சேர்த்துப் பூட்டிவிடக் கூடாது.