சுங்கைப் பட்டாணிக்கு இன்னொரு வானொலியா?

“நம்ம ஊருக்குன்னு ஒரு தமிழ் வானொலி ஆரம்பிக்கலாமா, அண்ணே?” என்று கேட்டான் சித்தப்பா மகன். வானொலி விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் வந்திருந்தான். முதல், அப்பாவின் சேமநிதிப் பணம்.

கேட்க ஆள் இருக்கிறார்கள். மின்னலும் ராகாவும் நாடு முழுவதற்கும் பேசுகின்றன. எந்தத் தாமானில் வெள்ளம், யார் வீட்டில் துக்கம் என்று சொல்ல உள்ளூர்க் குரல்தான் வேண்டும். ஆனால் கேட்பவர் காசு தருவதில்லை, கடைக்காரர்தான் தருகிறார். ஒரு சனிக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு இருவரும் கடைவீதியில் இறங்கினோம்.

புடவைக் கடைக்காரர் தீபாவளி மாதம் மட்டும் விளம்பரம் தருவாராம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்காரவே இடமில்லை. அவருக்கு எதற்கு விளம்பரம்? நகைக்கடையில், “அதெல்லாம் கோலாலம்பூர் தலைமையகம்தான் முடிவு செய்யும்” என்றார்கள். 31 கடை ஏறி இறங்கியதில் ஆண்டு முழுக்கத் தருவதாகச் சொன்னவை 4.

சம்பளம், மின்சாரம், கோபுர வாடகை, பாட்டுக்கான உரிமைத் தொகை இவை 12 மாதமும் வரும். பண்பலை அலைவரிசைக்கு உரிமம் கிடைப்பது அதற்கு முந்தைய கதை. மின்னலுக்கு அரசாங்கம் இருக்கிறது; ராகாவுக்கு ஆஸ்ட்ரோ இருக்கிறது. இவனுக்குச் சித்தப்பாதான்.

“அந்தப் பணத்தைத் தொடாதே. வாரம் ஒரு மணி நேரம், இணையத்தில் ஆரம்பி” என்றேன்.

பதில் இல்லை. காரை விட்டு இறங்கும்போது நோட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான்.